விக்டோரியா ராணியும் வேலூரும்

"மாமா, நான் எத்தனை வயசு வரைக்கும் இருப்பேன்?"

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் அக்காள் மகன் இப்படிக் கேட்டான். புத்தகப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவனுக்குப் பிறவியிலேயே ஹீமோஃபிலியா. நமக்கெல்லாம் காயம் பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடும். அவனுக்கு நிற்காது. காயமே படாமலும் முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொள்ளும். ரத்தத்தை உறையவைக்கும் எட்டாவது காரணி என்ற புரதத்தை ஊசியாக ஏற்றி ஏற்றித்தான் அவனை வளர்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வகுப்பில் அவனுடைய நோயே பாடமாக வந்திருக்கிறது. வாத்தியார் தம்முடைய பழைய குறிப்பு நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். 'இது அரச குடும்பத்து நோய். விக்டோரியா ராணி வழியாகப் பரவியது. இந்நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் இளமையிலேயே இறந்துவிடுவார்கள்.' என் மருமானும் எழுதினான். அவனுக்குக் கையெழுத்து அழகு. அந்தக் கடைசி வாக்கியத்தையும் அழகாகத்தான் எழுதியிருந்தான்.

அவனுக்கு நோய் இருப்பது தலைமையாசிரியர் ஒருவருக்குத்தான் தெரியும். பாடம் சொன்னவருக்குத் தெரியாது. ஆகவே அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் சொல்வானேன்? கோபம் இருந்தது. இரண்டு நாள் தூக்கம் வராத அளவுக்கு இருந்தது. மூன்றாம் நாள்தான் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு என்று புரிந்தது. அந்த விலாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாக்கியம் எப்போது உண்மையாக இருந்தது தெரியுமா? ராணியின் மகன் லியோபோல்டு கால் தவறி விழுந்து 1884-இல் தமது முப்பதாவது வயதில் மாண்டாரே, அப்போது உண்மை. அதற்கப்புறமும் நெடுங்காலம் உண்மை. 1964-இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண்மணி ஒன்றைக் கண்டுபிடித்தார். உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகவிட்டால் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. எட்டாவது காரணி அதில் செறிந்திருக்கிறது. அன்று தொடங்கி அந்த வாக்கியம் தேயத் தொடங்கிவிட்டது. இடையில் 1980-களில், ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தின் வழியே எய்ட்ஸ் கிருமி புகுந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்டுபோயிற்று. அந்தக் கொடுமையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு ஒழுங்காகச் சிகிச்சை கிடைக்கிறவன் மற்றவர்களைப் போலவே கிழவனாகலாம். குறிப்பு நோட்டு மட்டும் லியோபோல்டின் சவ ஊர்வலத்தோடு நின்றுவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த செய்தி. 2024 டிசம்பரில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் செய்த ஒரு காரியம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேர். வயது 22 முதல் 41 வரை. அவர்களுடைய ரத்த மூல அணுக்களை எடுத்தார்கள். எட்டாவது காரணியை உண்டாக்கும் ஜீனின் நல்ல பிரதி ஒன்றை அவற்றுக்குள் புகுத்தினார்கள். திரும்ப அவர்கள் உடம்பிலேயே ஏற்றினார்கள். ஐந்து பேரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அந்த 81 மாதத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படவில்லை.

எங்கே நடந்தது இது? லண்டனிலா, பாஸ்டனிலா? சென்னையில் காலைக் காப்பி குடித்துவிட்டு ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிற வேலூரில்! நம் ஜில்லாக்களிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் ஹீமோஃபிலியா என்றதும் பக்கிங்காம் அரண்மனையை நினைக்கிறார்கள். வேலூரை நினைக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பாடப்புத்தகத்தில் இல்லையே" என்பார்கள். எப்படி இருக்கும்? இப்போதுள்ள பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் 2019-இல் வந்தது. 2019-இல் அச்சான புத்தகம் 2024-இல் நடந்ததைச் சொல்ல முடியாது. புத்தகத்துக்கு ஜோசியம் தெரியாது. அதனால்தான் வாத்தியார் என்று ஒருவரை வகுப்பில் நிறுத்திச் சம்பளம் கொடுக்கிறோம். புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்வதற்குப் புத்தகமே போதுமே!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வேலூர்ச் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோம் ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜீன் எப்படிப் புரதமாகிறது என்பது இன்னோர் அத்தியாயம். எய்ட்ஸ் வைரஸ் தன் சரக்கை நம் அணுவின் டி.என்.ஏ.வுக்குள் எப்படிச் செருகுகிறது என்பது மற்றோர் அத்தியாயம். வேலூர் டாக்டர்கள் நல்ல ஜீனை உள்ளே அனுப்பக் கையாண்ட வாகனம் எது தெரியுமா? அதே எய்ட்ஸ் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த லென்டி வைரஸை விஷம் பிடுங்கி எடுத்துக்கொண்டதுதான். ஒரு காலத்தில் இந்த நோயாளிகளைக் கொன்ற குலத்திலிருந்தே அவர்களுக்கு மருந்து சுமக்க ஆள் பிடித்திருக்கிறார்கள்! கதை எழுதுகிற எனக்கு இப்படி ஒரு திருப்பம் தோன்றியிருந்தால், 'நம்பும்படி இல்லை' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் கோத்துக் கொடுக்கிற இந்தச் செய்தியைப் படித்துக்காட்டக் கால்மணி நேரம் போதும்.

சரி, ராணியையே சொல்லிக் கொடுக்கட்டும். அதையாவது முழுசாகச் சொல்லக் கூடாதா? ராணி வம்சத்தில் இருந்தது ஹீமோஃபிலியாவில் எந்த வகை என்பதே வெகுகாலம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ருஷ்யச் சக்கரவர்த்தியின் மகன் அலெக்சி, விக்டோரியாவின் கொள்ளுப்பேரன். 1918-இல் பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய எலும்புகள் 2007-இல் யெகாதெரின்பர்க் நகருக்கருகே கிடைத்தன. 2009-இல் சோதித்துப் பார்த்தபோதுதான் அது ஒன்பதாவது காரணியின் குறைபாடு, அதாவது 'பி' வகை என்று தெளிவாயிற்று. என் மருமானுக்கு இருப்பது 'ஏ' வகை. வாத்தியார் அவனைச் சேர்த்து எழுதவைத்த அரச வம்சத்துக்கும் அவனுக்கும் நோயிலேகூட உறவில்லை.

அதே பாடத்தில் கதிர் அரிவாள் ரத்தசோகை என்று ஒன்று வரும். ஹீமோகுளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். இந்தியாவில் அந்தக் கோளாறு இருப்பதை முதலில் கண்டு எழுதியது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். 1952-இல், நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடையே! அதை 2047-க்குள் ஒழிக்கப் போவதாக 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் இயக்கம் தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் ஜீனைத் திருத்திக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். குளுட்டாமிக் அமிலத்துக்குப் பக்கத்தில் இந்த 22 லட்சத்தையும் எழுதிப் போட்டால், கூடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்படியானால் எங்களுக்கு?" என்று கேட்பான். கேட்டுவிடுவானே என்றுதான் பயமோ?

எதிர்க் கட்சிக்கும் காது கொடுக்க வேண்டும். பத்திரிகைச் செய்தியை நம்பிப் பாடம் நடத்தலாமா என்கிறார்கள். வாரம் ஒருமுறை புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள், மறுவாரம் அது எலிக்குத்தான் என்று தெரிகிறது என்கிறார்கள். வாஸ்தவம். பத்திரிகைக்காரர்களின் லட்சணம் எனக்குத் தெரியும். நானே அவர்கள் உப்பைத் தின்கிறவன். ஆனால் அதற்காகத்தானே வகுப்பில் படிக்கச் சொல்கிறேன்! எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? எவ்வளவு காலம் பார்த்தார்கள்? இவ்வளவும் கேட்கத் தெரிந்தால் பாதிப் புரளி வாசலிலேயே செத்துவிடும். கொரோனாத் தடுப்பூசி வந்த 2021-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஊசி போட்டால் ஜீன் மாறிவிடும் என்று வீட்டுக்கு வீடு வாட்ஸப்பில் புரளி. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்று அஞ்சு மார்க்குக்கு எழுதிய பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். எத்தனை பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கொண்டு பாட்டிக்குச் சமாதானம் சொன்னார்கள்? படித்தது பரீட்சைத் தாளோடு திருத்துகிறவர் கைக்குப் போய்விட்டது. வீட்டில் மிச்சம் இல்லை.

இப்போது அந்த விலாசம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் படித்த பள்ளியில் உயிரியல் வாத்தியாராக ஓர் இளைஞர் வந்தார். திங்கட்கிழமைதோறும் பத்திரிகையிலிருந்து ஒரு செய்தியை வெட்டி எடுத்துவந்து, இது எந்தப் பாடத்தில் சேரும் என்று பிள்ளைகளையே கேட்பாராம். என் மகள் சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்லிச் சொல்லி என் கதைகளைவிட அவர் செய்திகளே ருசி என்று ஆக்கிவிட்டாள். பெற்றோர் கூட்டம் வந்தது. ஒருவர் எழுந்தார். வங்கி அதிகாரி, நல்ல மனிதர், என் நாவல்களைப் படிக்கிறவர். "போர்ஷன் முடியவில்லை. நீட் பரீட்சை வருகிறது. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். தலைமையாசிரியர் அந்த இளைஞரைப் பார்த்தார். இளைஞர் தரையைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை செய்தி வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

நான் என்ன செய்தேன்? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மகளுக்கும் மார்க்கு வேண்டியிருந்தது.

வாத்தியாரின் குறிப்பு நோட்டை மாற்றவிடாமல் காவல் காக்கிறவர்கள் கல்வி இலாகாவில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் கட்டுரை எழுதுகிறோம். அறுபது பிள்ளைகள், நாலு வகுப்பு, மேலே கேள்வித்தாள், கீழே நாம்; இடையில் அந்த மனிதர் எதைப் புதுப்பிப்பார்? புதுப்பித்தவரை நாம் என்ன செய்தோம்?

என் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனுடைய புத்தகத்திலிருந்த வம்சாவளிப் படத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோயைச் சுமந்து மகனுக்குக் கொடுக்கிறவளின் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. "தம்பி, இந்தப் புள்ளி நான்தானேடா?" என்றாள். பதினேழு வருஷமாக அவள் மனத்துக்குள் வைத்திருந்ததற்கு அந்தப் படம் ஓர் அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்குமே இந்த நோய் இருந்ததில்லை, ஜீனில் புதிதாக நேர்ந்த மாறுதல்தான் காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கள் வம்சத்திலும் யாருக்கும் இருந்ததாகத் தெரியாது. இதை நான் சொன்னபோது, "இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அவளும் அந்தக் காலத்தில் உயிரியல் படித்தவள்தான். நல்ல மார்க்கு வாங்கியவள்.

அன்றிரவு வேலூர்ச் செய்தியை மருமானோடு உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரியாத இடங்களை அவன் விளக்கினான். நான் கல்லூரியில் இரண்டு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன். படித்து முடித்ததும், "அஞ்சு பேர்தானா மாமா?" என்றான். ஆமாம், ஐந்து பேர்தான் என்றேன். "81 மாசம்னா ஆளுக்கு ஒன்றரை வருஷம்கூட இல்லை. பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு தெரியணும்" என்றான். சற்று யோசித்துவிட்டு, "அப்போ எனக்கு இருபத்தேழுதான்" என்றான்.

திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அவர் நின்றபடியே முழுவதும் படித்தாராம். "எனக்கு இது தெரியாதுப்பா" என்றாராம். அதைச் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு பெருந்தன்மை வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் படிக்கலாமா என்று இவன் கேட்டதற்கு, ரிவிஷன் முடியட்டும் என்று சொல்லிப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. ஹீமோஃபிலியாவில் ஒரு கேள்வியும் வரவில்லை என்றான். ரிவிஷன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் அவர்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அக்காளுக்குப் பதிலாக நான் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.