பீப்பாயும் முட்டியும்

மாசி மாதம் கலிபோர்னியாவில் இருந்து ஊருக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், அங்கே தான் போன பீப்பாய் ருசிபார்ப்புப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார். போத்தலில் அடைக்க முதலே, ஓக் மரப் பீப்பாய்க்குள் முதிர்ந்துகொண்டிருக்கும் சிவப்பு வைனை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றுவார்களாம். செய்தவரே பக்கத்தில் நின்று, எந்தத் தோட்டத்துத் திராட்சை, ஏன் இன்னும் நாக்கில் துவர்க்குது என்று விளக்குவாராம். இன்னும் முடியாத வைனை ருசிக்கக் காசு கட்டிச் சனம் வரிசையில் நிற்குதாம்.

கேட்டு முடிய எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அப்ப எங்கட பனங்கள்ளுக்கு என்ன குறை?"

பங்குனியில் ஒரு ஞாயிறு விடிய, பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குப் போனோம். அறுபது வயது தாண்டிய சீவல்தொழிலாளி ஒருவர் அப்போதுதான் மரத்தால் இறங்கினார். இடுப்பில் பாளைக்கத்தி, கையில் முட்டி. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மூன்று விதமாய் எடுத்து வைத்தார்.

முதலாவது கருப்பணி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் புளிக்காது. தேன் மாதிரி இனிப்பு. இரண்டாவது அன்று விடிய இறக்கிய கள்ளு. இனிப்புப் பாதி, நாக்கில் மெல்லிய சுணைப்பு. மூன்றாவது முதல்நாள் பின்னேரத்துக் கள்ளு. நல்ல புளிப்பு, கொஞ்சம் காரம். "இன்னும் வைச்சா காடி" என்றார். வைனுக்கு மாதங்களும் வருடங்களும் எடுக்கும் பயணத்தை, இயற்கையாக வந்து சேரும் மதுவத்தை வைத்தே கள்ளு ஒரு நாளில் ஓடி முடித்துவிடும். பிளாவில் வாங்கிக் குடித்தபடி நாங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். எந்த மரம் இனிக்கும், பாளையை எவ்வளவு மெல்லிசாகச் சீவவேணும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று எல்லாத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது.

போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான் மனதில் நிக்குது: "இந்த மரத்தடியில வந்து என்னை 'ஐயா, நீங்கள்' எண்டு கேட்ட ஆக்கள் குறைவு, பிள்ளையள்."

1976இல் பாரிசில் பெயர் மறைத்து நடந்த ருசிபார்ப்பில், பிரெஞ்சு நடுவர்களே தங்கள் நாட்டுச் சிவப்பு வைன்களைத் தாண்டிக் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973ஐ முதலாவதாகத் தெரிந்தெடுத்தார்கள். லேபிளை மறைத்தபிறகு நாக்கு பொய் சொல்லவில்லை. கள்ளிலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கு: சாதி. யாழ்ப்பாணத்தில் கள்ளைக் குடித்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். இறக்கியவருக்கோ கோயில் வாசலும் தேத்தண்ணிக் கடை வாங்கிலும் மறுக்கப்பட்டன. வைன் செய்தவரைக் கலைஞர் என்கிறோம். நாற்பது அடி உயரத்தில் தளைநாரை நம்பி நிற்பவரை ஒருமையில் கூப்பிடுகிறோம். இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பது ஒரே விசயம்: இனிப்பு எப்போது, எப்படி மதுவாகும் என்பது.

"குடியைத் தூக்கிப் பிடிக்கிறீங்களோ?" என்று கேட்பீர்கள். இல்லை. குடியால் அடிவாங்கும் அம்மாக்களை எங்கள் ஊர்களிலும் வீடுகளிலும் கண்டுதான் வளர்ந்தோம். அந்தக் கோபம் நியாயம். ஆனால் பல வீடுகளில் அது சாராயப் போத்தலை விட்டுவிட்டு, சீவுகிறவரின் தலையில் மட்டும் இறங்குது. அதைத்தான் ஏற்கமாட்டோம்.

1970களில் வந்த கூட்டுறவுச் சங்கங்கள் சீவல்தொழிலாளருக்குத் தவறணைக் குத்தகைக்காரரிடம் இருந்து கொஞ்சம் விடுதலை தந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. அவை போதாது. மரத்தால் விழுந்தால் காப்புறுதி வேணும். அடைத்து விற்கும் போத்தலில் ஊர்ப் பெயரோடு இறக்கியவரின் பெயரும் வேணும். தொழிலை விட விரும்பும் பிள்ளைக்கு வேறு வழியும், விரும்பிச் செய்பவருக்கு மரியாதையும் வேணும்.

தீவுப்பகுதியில் ஒரு நாள் யாராவது கள்ளு ருசிபார்ப்பு விழா வைக்கத்தான் போகிறார்கள், சுற்றுலாவுக்காக. அன்று மேடையில் நின்று விளக்குகிறவர் யார் என்று பாருங்கள். முட்டியோடு மரத்தால் இறங்கியவராக இல்லாவிட்டால், நாங்கள் அந்த விழாவுக்கு வரமாட்டோம்.