நான்கு புள்ளிகள் எழுப்பிய கேள்வி: சாலைக் குறியீடுகளைக் கற்பிப்பவருக்கு அவை தெரியுமா?

பெங்களூரு: சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம், அதனுள் நான்கு கரும்புள்ளிகள். பெங்களூரு ஒயிட்ஃபீல்டின் ஹோப்ஃபார்ம் சந்திப்புக்கு அருகே நின்ற இந்தப் பலகையின் பொருள் என்ன என்று 2022 ஆகஸ்டில் ஒருவர் சமூக வலைதளத்தில் கேட்டார். பார்வையற்றோர் சாலையில் வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. அருகில் பார்வையற்றோர் பள்ளி உள்ளது என்று போக்குவரத்து போலீசார் விளக்கம் அளித்தனர். அந்தப் பதில் இணையத்தில் வேகமாகப் பரவியது. ஏற்கெனவே அறிந்த செய்தியாக இருந்திருந்தால் அது பரவியிருக்காது.

இந்த அறியாமைக்கு ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால், அவருக்குக் கற்பித்தவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக விரும்புபவருக்கான தகுதிகளை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24ஆவது விதி வரையறுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன், போக்குவரத்துக் குறியீடுகள் குறித்த முழுமையான அறிவும் வேண்டும் என்கிறது அந்த விதி. முதல் மூன்றையும் காகிதத்தில் காட்டிவிடலாம். நான்காவது சாலையில் மட்டுமே வெளிப்படும்.

தொம்மலூரையே எடுத்துக்கொள்ளலாம். பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் மேம்பாலத்தை ஒட்டிச் சந்திக்கும் இடம் இது. (இவ்வூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன, பொதுமக்களுக்கான அறிவிப்பைக் கல்லில் பொறித்த பழைய மரபு அது.) இத்தகைய சந்திப்பில் கற்பிக்கும் புதிய பயிற்றுநர், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை மனப்பாடம் செய்யச் சொல்வதால் பயன் குறைவு. முதலில் வடிவத்தைக் கற்பிக்க வேண்டும். வட்டம் கட்டளை, மீறினால் குற்றம். முக்கோணம் எச்சரிக்கை. செவ்வகம் தகவல். 'நில்' என்பதற்கு மட்டும் எண்கோணமும், 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் ஒதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: பலகை மங்கியிருந்தாலும் பின்புறமிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். இந்த அடிப்படை புரிந்தவர், நான்கு புள்ளிகளின் பொருள் தெரியாவிட்டாலும் வேகத்தைக் குறைத்திருப்பார்.

சிக்னலிலும் இதே நிலைதான். மஞ்சள் விளக்கு விரைந்து கடப்பதற்கான அழைப்பு அன்று. பாதுகாப்பாக நிறுத்த இயலாத அளவுக்கு நெருங்கிவிட்டவர் தவிர மற்றவர்கள் நின்றாக வேண்டும். மினுக்கும் மஞ்சள் எச்சரிக்கையுடன் செல்லவும், மினுக்கும் சிவப்பு முழுமையாக நின்று பார்த்துச் செல்லவும் கூறுகின்றன. சீருடையில் உள்ள போக்குவரத்துக் காவலர் கை காட்டினால், பச்சை எரிந்தாலும் அவர் சைகையே செல்லும். நெரிசல் நேரங்களில் காவலர்கள் நேரடியாக வாகனங்களை ஒழுங்குபடுத்தும் பெங்களூருவில் இது அன்றாடத் தேவை.

எல்எல்ஆர் தேர்வில் 60 சதவீதம் சரியாக விடையளித்தால் போதும். அதாவது பத்தில் நான்கு கேள்விகளுக்குத் தவறாக விடையளித்தவரும் சாலைக்கு வரலாம். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பயிற்சிப் பள்ளியே. இலகுரக வாகனங்களுக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் 10 மணி நேர ஓட்டுதலும் விதிகளில் உள்ளன. கிளட்ச், கியர் பழகுவதிலேயே அந்த நேரம் கரைந்துவிட்டால் குறியீடுகள் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. பத்தில் ஏழு உயிரிழப்புகளுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. வேக வரம்பும் ஒரு வட்டப் பலகைதான்.

பயிற்றுநரின் பொறுப்பு இப்போது மேலும் கூடியுள்ளது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் தேறியவர்களுக்கு ஆர்டிஓ அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அங்கு பயிற்றுநர் கற்பிக்காமல் விட்டதைச் சரிபார்க்க, ஆர்டிஓ ஆய்வாளர் அருகில் அமர்ந்திருக்க மாட்டார்.