கருவியின் கீழும் நோக்குக

நெடுநாள் பாயிற் கிடப்போருக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் தோன்றும் என்பதை நாம் யாவரும் அறிவோம். ஆனால், நோயாளியைக் காக்கவெனப் பொருத்தப்படும் கருவியே அவருடலிற் புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிராணவாயுக் குழாய் காதின் பின்புறத்தை அறுக்கின்றது. முகமூடி மூக்குத்தண்டை அழுத்துகின்றது. உணவூட்டும் குழாய் நாசியோரத்தை உறுத்துகின்றது. இவ்விடங்களிற் சதைப்பற்றுக் குறைவு. ஆதலால் கருவியின் கீழே சருமம் நசுங்கி, இரத்தவோட்டம் தடைப்படுகின்றது. வியர்வையும் வெப்பமும் சருமத்தை மேலும் நலியச் செய்கின்றன. உடல் வீங்குமாயின், நேற்றுத் தளர்வாயிருந்த கட்டு இன்று இறுகிவிடும். இவ்வாறு உண்டாகும் புண் பெரும்பாலும் கருவியின் வடிவத்தையே கொண்டிருக்கும்.

படுக்கைப்புண் பொதுவாக நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டிலே எழுதினார். கடும் நோயாளரிடத்துச் சில புண்களைத் தவிர்த்தல் அரிது என்பதை இன்று அறிவோம். எனினும் பலவற்றைத் தடுக்கலாம். அதற்குத் தாதியரின் அறிவே முதற்றுணை.

அவ்வறிவு யாது? அளவிற் பொருந்திய கருவியைத் தேர்தல், இறுகக் கட்டாதிருத்தல், நாளில் இருமுறையேனும் கருவியின் கீழுள்ள சருமத்தைப் பார்த்தல், இயலுமிடத்து அதன் நிலையை மாற்றுதல், மென்மையான காப்பு வைத்தல் என்பன. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளிறாவிடின், கேடு தொடங்கிவிட்டது என்க.

ஈண்டு நாம் ஒன்றை மறத்தலாகாது. நம்மவரின் கருநிற மேனியில் அச்சிவப்பு எளிதிற் புலப்படாது. சிவப்பை மட்டுமே தேடுங் கண் ஏமாறும். அயலிடத்தினும் அவ்விடம் சூடாயுள்ளதா, கடினமாயுள்ளதா, நோகின்றதா என்று தொட்டும் கேட்டும் அறிதல் வேண்டும். நினைவிழந்தவரும் கைக்குழந்தையும் நோவதைச் சொல்லமாட்டார். அவர்க்குத் தாதியின் கையே நாவாகின்றது.

தாதியர் கல்வி பயிலும் மாணவரே, பரீட்சைக்குப் படித்ததைக் கட்டிலருகே மறவாதீர். நோயாளியின் உறவினரே, குழாயை நீங்களாகக் கழற்றாதீர். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர். "இவ்விடத்தில் உறுத்துகின்றது போலும்" என்று தாதியிடம் தயங்காது கூறுங்கள். உரிய வேளையிற் சொல்லப்படும் அவ்வொரு சொல், பல வாரத் துன்பத்தைத் தவிர்க்கக் கூடும்.