மடிக்கும் கையில் உயிர் இருக்கிறது!

13 ஆயிரம் அடி உயரத்தில் விமானம் பறக்கிறது. கதவு திறக்கிறது. ஓர் இளைஞர் வெளியே பாய்கிறார்.

சில வினாடிகளில் அவர் விழும் வேகம் மணிக்கு 190 கிலோ மீட்டரை எட்டிவிடுகிறது. எக்ஸ்பிரஸ் ரெயிலை விட அதிக வேகம்! சுமார் ஒரு நிமிட நேரம், கையையும் காலையும் விரித்தபடி காற்றில் விழுந்துகொண்டே இருக்கிறார்.

பிறகு கையைப் பின்னால் கொண்டுபோகிறார். முதுகுப் பையின் அடியில் உள்ள பிடியைப் பற்றி இழுத்து, காற்றில் விட்டுவிடுகிறார்.

அவர் கை செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான். மற்ற வேலையெல்லாம் முன்பே தரையில் முடிந்துவிட்டது.

பையில் உள்ள பாரசூட்டை மடித்தது யார்? நிதானமாக மடித்தாரா, அவசரமாக மடித்தாரா? அடுத்த 4 வினாடிகளில் அது தெரிந்துவிடும்.

உயிரோடு விளையாட்டு

விமானத்தில் இருந்து குதித்துப் பாரசூட்டில் இறங்கும் இந்த விளையாட்டுக்கு "ஸ்கை டைவிங்" என்று பெயர். அமெரிக்காவில் மட்டும் 2023-ம் ஆண்டில் சுமார் 36½ லட்சம் தடவை குதித்தார்கள். அதில் இறந்தவர்கள் 10 பேர். 1970-களில் அங்கே ஆண்டுக்குச் சராசரி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். குதிப்பவர்களின் தொகை பெருகியும் சாவு குறைந்திருக்கிறது. இது பாராட்ட வேண்டிய செய்தி.

இறந்தவர்கள் எல்லோரும் மடிப்புப் பிழையால் இறந்தவர்கள் அல்ல. நன்றாக விரிந்த பாரசூட்டைத் தரைக்குப் பக்கத்தில் தவறாகத் திருப்பி, மோதி இறந்தவர்களும் உண்டு. ஆனாலும் மடிப்புப் பிழை மற்றப் பிழைகளைப் போன்றது அல்ல. அது தரையில் செய்யப்படுகிறது. பத்திரமான இடத்தில், நிழலில், போதிய நேரம் இருக்கும்போது செய்யப்படுகிறது. தவிர்க்க முடிந்த பிழை அது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசவேண்டி இருக்கிறது.

பட்டுப்பூச்சிச் சங்கம்

1797-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, பாரீஸ் நகரில் ஆந்த்ரே ழாக் கார்னரின் என்பவர் பலூனில் உயரப் பறந்தார். பிறகு பலூனை அறுத்துவிட்டு, பாரசூட்டில் கட்டிய கூடையில் இறங்கினார். கூடை ஊஞ்சல் போலப் பயங்கரமாக ஆடியது. ஆனாலும் உயிரோடு தரைக்கு வந்து சேர்ந்தார்.

பாரசூட்டை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு, விமானத்தில் இருந்து குதித்து, விழுந்துகொண்டே தன் கையால் விரிக்கலாம் என்று 1919-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி காட்டினார், லெஸ்லி இர்வின். அமெரிக்காவில் டேட்டன் நகரில் நடந்த சோதனை அது. தரையில் இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. உயிர் பிழைத்தது.

அந்தக் காலத்தில் பாரசூட் பட்டுத் துணியால் ஆனது. ஆகவே, விபத்துக்குள்ளான விமானத்தில் இருந்து பாரசூட்டில் குதித்து உயிர் தப்பியவர்களுக்காக 1922-ல் ஏற்பட்ட சங்கத்துக்குப் பட்டுப்புழுவை நினைத்துக் "கம்பளிப்புழுச் சங்கம்" என்று பெயர் வைத்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் 4 தடவை இப்படித் தப்பியவர்.

இரண்டாவது உலகப்போரில் பட்டுக்குப் பதில் நைலான் வந்தது. நீண்ட மேஜைகளில் பாரசூட்டைப் பரப்பி, ஒவ்வொரு மடிப்பாக மடித்து வைக்கும் வேலையைப் பிரிட்டனில் விமானப்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த பெண்களும் செய்தார்கள். யாருக்காக மடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. யார் மடித்தது என்று குதிக்கும் வீரனுக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கைகளை நம்பித்தான் அவன் குதித்தான்.

அமெரிக்க ராணுவத்தில் பாரசூட் மடிப்பவர்களும் குதிக்கப் பயிற்சி பெற்றவர்களே. தான் மடித்த எந்தப் பாரசூட்டையும் கட்டிக்கொண்டு தானே குதிக்கத் தயாராக இருக்கவேண்டும் என்பது அவர்களுக்கு விதி. பிறர் உயிருக்காகச் செய்யும் வேலையைத் தன் உயிருக்காகச் செய்வதாக எண்ண வேண்டும். இதைவிடச் சிறந்த விதி வேறு இருக்க முடியுமா?

விரிந்தாலும் ஆபத்து!

"பாரசூட் விரியாவிட்டால் ஆபத்து. விரிந்துவிட்டால் கவலை இல்லை." இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பாரசூட் மிக வேகமாக விரிந்தாலும் ஆபத்துதான்.

ஒழுங்காக மடித்த பாரசூட் விரிந்து முடிய 3 அல்லது 4 வினாடி பிடிக்கும். அந்த நேரத்தில் வேகம் சிறுகச் சிறுகக் குறையும். யாரோ மெல்லத் தூக்கி நிறுத்துவது போல இருக்கும்.

அதே பாரசூட் அரை வினாடியில் படாரென்று விரிந்தால்? மணிக்கு 190 கிலோ மீட்டர் வேகம் ஒரே குலுக்கலில் அடங்கும். அந்த நேரத்தில் உடம்பின் மீது விழும் இழுப்பு, அவருடைய எடையைப் போல் சுமார் 10 மடங்கு இருக்கும். 80 கிலோ எடையுள்ளவரைப் பட்டைகளால் கட்டி, 800 கிலோ எடையால் இழுப்பதற்குச் சமம்!

தலை முன்னே வெட்டி இழுக்கிறது. கழுத்து நரம்பு பாதிக்கப்படலாம். முதுகெலும்பு முறியலாம். இதயத்தில் இருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, உயிரே போகலாம். பாரசூட் பழுதில்லாமல் விரிந்து நிற்க, அதன் கீழே தொங்கியவர் உயிர் இழந்த பரிதாபமும் நடந்திருக்கிறது.

கைக்குட்டை போன்ற காவலன்

இக்காலத்தில் ஸ்கை டைவிங் செய்பவர்கள் வட்டக் குடையில் இறங்குவது அபூர்வம். இப்போது இருப்பது மெத்தை போன்ற நீண்ட சதுரப் பாரசூட். டொமினா ஜால்பர்ட் என்ற அமெரிக்கர் 1960-களில் கண்டுபிடித்த அமைப்பு அது. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே காற்று புகுந்து, பறவையின் இறக்கை போல உப்பி நிற்கும். விரும்பிய பக்கம் திருப்பலாம்.

ஆனால் தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. இந்தப் பாரசூட் மிக வேகமாக விரிந்து, குதித்தவர்களை உலுக்கி எடுத்தது. அதை அடக்கக் கண்டுபிடித்ததுதான் "ஸ்லைடர்".

ஸ்லைடர் ஒரு சிறு துணி. பெரிய கைக்குட்டை போல இருக்கும். நான்கு மூலையிலும் நான்கு வளையங்கள். பாரசூட்டின் கயிறுகள் நான்கு கொத்தாகப் பிரிந்து, இந்த வளையங்களின் வழியே வருகின்றன. மடிக்கும்போது ஸ்லைடரை மேலே, பாரசூட்டை ஒட்டி நிறுத்தவேண்டும். விரியத் தொடங்கியதும் காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். அது கயிறுகளை அகலவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லக் கீழே நழுவி வரும். அது நழுவ நழுவப் பாரசூட் விரியும்.

மடிக்கும்போது ஸ்லைடர் கீழே நழுவிவிட்டதைக் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாரசூட்டைத் தடுக்க எதுவும் இல்லை. படாரென்று விரிந்துவிடும்.

ரப்பர் வளையத்தின் கதை

கயிறுகளை மடித்து வைப்பதும் அப்படித்தான். பாவு நூல் போல அவற்றைச் சிக்கலின்றி ஒழுங்குபடுத்தி, சிறு சிறு மடிப்பாக ரப்பர் வளையங்களில் செருகுவார்கள். வளையம் இறுக்கமாக இருந்தால் கயிறு ஒவ்வொரு மடிப்பாக வெளியே வரும். கயிறு முழுவதும் நீண்டபிறகுதான் பாரசூட் உள் பையில் இருந்து வெளிப்படும். அதுதான் முறை.

வளையம் நைந்து தளர்ந்திருந்தால், கயிறு மொத்தமாகக் கொட்டிவிடும். கயிறு நீளுமுன்பே பாரசூட் வெளியே வந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். மனிதர் இன்னும் முழு வேகத்தில் விழுந்துகொண்டு இருப்பார். அடுத்த நொடி, கயிறு விறைக்கும்போது பயங்கரமான வெட்டு! சில காசு விலையுள்ள ரப்பர் வளையத்தை மாற்றச் சோம்பியதற்குக் கொடுக்கும் விலை அது.

பலமாக விரிவதற்கெல்லாம் மடிப்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேகத்தைக் குறைக்காமல் பாரசூட்டை விரிப்பது, உடம்பைக் கோணலாக வைத்திருப்பது, கயிறுகள் பழசாகி நீளம் மாறுவது ஆகியவையும் காரணங்களே. நன்றாக மடித்த பாரசூட்டும் எப்போதாவது முரண்டு பிடிப்பது உண்டு. அதனால்தான், நம் கையில் இருக்கிற ஒரு காரணத்தையாவது விட்டுவைக்கக் கூடாது.

வேறு பிழைகளும் உண்டு. ஒரு கயிறு பாரசூட்டின் மேலே மாறி விழுந்துவிட்டால், அது சரியாக உப்பாது. சுழலத் தொடங்கிவிடும். பெரிய பாரசூட்டை வெளியே இழுக்கும் குட்டி பாரசூட்டைத் தயார் நிலையில் வைக்க மறந்தால், அது சுருங்கிய துணியாகப் பின்னால் பறக்குமே தவிர எதையும் இழுக்காது. பையின் வாயை மூடும் சிறு கயிறு தேய்ந்திருந்தால், எதிர்பாராத நேரத்தில் பை திறந்துகொள்ளும்.

இவற்றில் எதுவுமே பெரிய பிழை அல்ல. மடித்து மூடிய பிறகு வெளியே இருந்து பார்த்தால் பெரும்பாலானவை தெரியவும் தெரியாது.

கைதேர்ந்தவரும் தப்பவில்லை

புதியவர்கள்தான் இப்படித் தவறுவார்கள் என்று எண்ணவேண்டாம். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பாத்ரிக் தெ கயார்தோன் உலகப்புகழ் பெற்றவர். இறக்கை உடை அணிந்து வானத்தில் பறந்து காட்டியவர். 1998-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ஹவாய் தீவில் குதித்து மரணம் அடைந்தார். தம் பாரசூட் பையில் அவரே செய்திருந்த மாற்றத்தில் நேர்ந்த பிழைதான் காரணம். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் அன்று கை பிசகியது.

பழக்கம் கையை வேகப்படுத்தும். ஆனால் கண்ணை மூடிவிடும். ஆயிரம் தடவை மடித்தவருக்கு, ஆயிரத்து ஒன்றாவது தடவை பார்க்கத் தோன்றாது. அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

இரண்டாவது உயிர்

மனிதன் தவறுவான் என்பதை அறிந்துதான் முதுகுப் பையில் இன்னொரு பாரசூட்டும் வைக்கிறார்கள். முதல் பாரசூட் சிக்கிக்கொண்டால் அதை அறுத்து விட்டுவிட்டு, இரண்டாவதை விரிக்கலாம். குதித்தவர் மயங்கிவிட்டால் தானாகவே அதைத் திறந்துவிடும் சிறு கருவியும் உண்டு. ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் என்பவர் உருவாக்கிய அத்தகைய கருவி 1991-ல் விற்பனைக்கு வந்தது. அது காத்த உயிர்கள் ஏராளம்.

ஆனால், பலமாக விரிந்து கழுத்தை முறிக்கும் பாரசூட்டுக்கு இந்த இரண்டும் மருந்து ஆகாது. கெடுதல் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது பாரசூட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலுக்கும் வேண்டும் மரியாதை

அமெரிக்காவில் இரண்டாவது பாரசூட்டை யார் வேண்டுமானாலும் மடித்துவிட முடியாது. தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்தான் மடிக்க வேண்டும். 180 நாளுக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்கவேண்டும். மடித்த தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, நூல் கட்டி முத்திரை வைக்கவேண்டும். பிழை வந்தால் யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் பாரசூட்டுக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. குதிப்பவர் தாமே மடிக்கலாம். உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் மற்றவரும் மடிக்கலாம். குதிக்கும் மைதானங்கள் பலவற்றில் ஒரு பாரசூட்டுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு சீக்கிரம் மடிக்கிறாரோ அவ்வளவு வருமானம். அடுத்த விமானம் புறப்படத் தயாராக நிற்கும். வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். கை பறக்கும்.

அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம் என்பார்கள். வாசலில் கோலம் கோணினால் அழித்துப் போடலாம். வானத்தில் அழித்துப் போட முடியுமா?

எப்போதாவது பயன்படும் இரண்டாவது பாரசூட்டுக்குக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் பயன்படும் முதல் பாரசூட்டுக்கு மடித்தவர் பெயராவது வேண்டாமா? கையெழுத்துப் போடும் கை, ஒரு கணம் நின்று யோசிக்கும். அந்த ஒரு கணத்தில் நழுவிய ஸ்லைடர் கண்ணில் படலாம். நைந்த ரப்பர் வளையம் கையில் தட்டுப்படலாம்.

மடிப்பவரின் கூலியை வேகத்தை வைத்து அளப்பதையும் மைதானம் நடத்துகிறவர்கள் விட்டுவிட வேண்டும். விமானம் 10 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டால் யாருக்கும் எலும்பு முறியாது. குதிக்கிறவரும், பிறர் மடிக்கட்டும் என்று இருந்துவிடாமல், தம் பாரசூட்டைத் தாமே மடிக்கப் பழகவேண்டும். எது எங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்தவரால்தான், எது தவறி இருக்கிறது என்று சொல்ல முடியும்.

வானத்தில் பறக்கிறவரை உலகம் பார்க்கிறது, கை தட்டுகிறது. கொட்டகையில் முழங்காலிட்டுத் துணி மடிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பறக்கிறவரைத் தாங்குவது அவருடைய வேலைதான்.

பஸ்சின் சக்கரத்தில் திருகாணி முடுக்குகிறவர், மருந்துக் கடையில் அளவு பார்த்துக் கொடுக்கிறவர், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று இன்னொரு முறை பார்க்கிற தாய், எல்லோரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் சரியாகச் செய்யும் நாளில் எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அவர்கள் செய்யும் சாதனை.