விரல் மடங்குமுன் நரம்பைப் பாருங்கள்



ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் கருவுற்ற பெண்ணின் நினைவே முதலில் எழும். அதே அல்ட்ரா சவுண்ட் முறை இன்று குழந்தைகளின் கை, கால் நரம்புகளைக் காணவும் பயன்படுகின்றது என்பதைப் பெற்றோரில் பலர் அறியார்.

முதலில் ஒரு தெளிவு. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாயே. மெய்யான நரம்பு மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோல் உணரும் சூட்டையும் வலியையும் மூளைக்கும் கொண்டு செல்வது. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமன்றோ? அங்கே ஓடுவது அத்தகைய நரம்பு.

தொழுநோய் பெரிதும் தாக்கும் நரம்புகளுள் அதுவும் ஒன்று. நோய் பற்றிய நரம்பு தடிக்கும். நாளடைவில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, மடங்கிப்போகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கிய அறுவைச் சிகிச்சை அத்தகைய விரல்களை நிமிர்த்திப் பலருக்கு வாழ்வளித்தது. ஆயினும் நிமிர்ந்த விரலுக்கு இழந்த உணர்வு மீள்வதில்லை. எனவே வருமுன் காப்பதே அறிவுடைமை.

தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கிவிட்டதாக 2005 டிசம்பரில் நம் நாடு அறிவித்தது. அதன் பின்னரும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். அவர்களுள் குழந்தைகளும் உளர்.

நரம்பு தடித்துள்ளதா என்பதை மருத்துவர் விரலால் தடவி அறிவதே நெடுங்கால வழக்கம். 2009இல் வெளியான ஐதராபாத் ஆய்வு ஒன்று, கைப்பரிசோதனை காட்டியதைவிட அதிகமான நரம்புப் பாதிப்பை ஸ்கேன் காட்டியதாகக் கூறிற்று. நோயின் சீற்றத்தால் நரம்புக்குள் இரத்த ஓட்டம் மிகுவதையும் அதில் காண முடிந்தது.

நம் செவிக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே. நரம்பைக் காண 1 கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட ஒலி செலுத்தப்படுகின்றது. நலமான நரம்பின் குறுக்குவெட்டு, திரையில் தேன்கூடு போல் தோன்றும். ஊசி இல்லை, மின் அதிர்ச்சி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. தாயின் மடியில் இருந்தபடியே குழந்தையைச் சோதிக்கலாம். ஆனால் குழந்தை வளர வளர நரம்பும் பருக்கும். பெரியோர்க்குரிய அளவுகோலைச் சிறார்க்கு வைத்தல் தகாது. மேலும், ஸ்கேன் காட்டுவது நரம்பின் வடிவத்தையே. அதன் செயலை அறிய மின் சோதனை தேவைப்படலாம்.

மரத்திலிருந்து விழுந்து முழங்கை எலும்பு முறிந்த சிறுவனின் நரம்பு அறுந்ததா, நசுங்கியதா என்றறியவும், பரம்பரையாக வரும் சில நரம்பு நோய்களை ஆராயவும் இம்முறை துணை புரிகின்றது.

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பாதையோரத்துச் சிற்றூர்களில் வாழ்வோர் இத்தகைய சோதனைக்குச் சேலம் போன்ற நகரை நாட வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலியை இழந்து புறப்படும் பெற்றோர், எப்போது புறப்பட வேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியம். பிள்ளையின் உடலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் உண்டா? எழுதுகோல் அடிக்கடி நழுவுகின்றதா? சட்டைப் பொத்தானை மாட்டத் தடுமாறுகின்றானா? சூடு பட்டும் அறியாதிருக்கின்றானா? இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றது. நரம்புப் பாதிப்பு தோன்றி 6 மாதங்களுக்குள் உரிய சிகிச்சை தொடங்கினால், இழந்த உணர்வும் வலுவும் மீள வாய்ப்பு அதிகம்.

"ஊரார் என்ன சொல்வர்? நாளை பெண்ணுக்கு வரன் அமையுமா?" என்றஞ்சித் தேமலைச் சட்டைக்குள் மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தேமலை மறைக்கலாம், மடங்கிய விரலை எங்ஙனம் மறைப்பது? மருந்து உண்ணத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறர்க்குப் பரவும் நிலை நீங்கிவிடுகின்றது. ஊராரின் பேச்சு சில நாட்களில் ஓயும். பிள்ளைக்கோ அந்தக் கை ஆயுள் முழுவதும் வேண்டும்.