பாய்க்குப் பகை வெயிலே

பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும் என்பதை எம் மூத்தோர் நன்கறிந்திருந்தனர். 1941இல் இங்கிலாந்திலே கண்டறியப்பட்ட பொலியெஸ்தர் இழை பிற்காலத்திற் பாய்த்துணியாக வந்ததும், இனிப் பேணுதல் வேண்டியதில்லை எனச் சிறுவள்ளக்காரர் பலர் எண்ணலாயினர். இது பெருந்தவறென்பது எமது துணிபு. பூஞ்சணம் இத்துணியை அரிப்பதில்லை, கறைப்படுத்துவதோடு அமையும். வெயிலோ அதன் வலுவையே உண்டுவிடும். கரைசேர்ந்தபின் பாயை மரத்திலேயே விட்டுச் செல்வோர் (யானும் ஒருகாலத்தில் அவ்வாறு செய்தவனே) தையல் நூல் முதலில் அறுவதைக் காண்பர். அதுவும் கரையிலன்று, காற்று மிகுந்த வேளையிலே. உலர்த்துவதற்கெனக் காற்றிற் படபடக்க விடுதலும் கேடே. அரைமணி நேர வேலைக்குச் சலிப்பவர் துடுப்பு வலிக்கட்டும். ஏனையோர் நன்னீரில் உப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உருளையாகச் சுருட்டி வைப்பாராக. ஒரே வரையில் மீண்டும் மீண்டும் மடித்தால் அவ்வரையிலேயே துணி நலியும்.