முள் அசையாவிட்டால் தூக்கி எறிவதா?

தாடிக்கொம்பில் ஒரு வீட்டுப் பரணில் பழைய "அமெச்சூர்" ரேடியோ கிடக்கிறது. மீட்டர் முள் அசையவில்லை. உடனே பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா? கூடாது!

லைசென்சு பெற்றவர்கள் தொலைவில் உள்ளவர்களுடன் பேசும் கருவி இது. 2004-ல் சுனாமி தாக்கியபோது அந்தமானில் டெலிபோன்கள் செயல் இழந்தன. உறவினர்களுக்குச் செய்தி சொல்லி உதவியது அமெச்சூர் ரேடியோதான்.

பழுது பார்ப்பது எப்படி? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லும். ஆகவே, பழகிய மெக்கானிக்தான் திறக்க வேண்டும். அவர் மீட்டரைத் தனியே கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்துப் பார்ப்பார். பேட்டரியை நேரடியாக வைத்தால், மெல்லிய கம்பிச்சுருள் கெட்டுவிடக்கூடும்.

முள் அசைந்தால் மீட்டர் நல்லது. பழுது வேறு இடத்தில்!

விசாரிக்காமல் தண்டனை கொடுப்பது நியாயமா?